படகுக்குப் பொதி வராது, ஆளுக்குத்தான் வரும்

கேள்வி: 2024 ஜனவரி 9

நண்பரின் பாய்மரப் படகில் மலேசியாவின் லங்காவியிலிருந்து திருகோணமலைக்கு வருகிறோம். பெப்ரவரி நடுப்பகுதியில் வந்து சேருவோம் என்று நினைக்கிறேன். படகைத் தானாகத் திசைபிடித்துச் செலுத்தும் ஓட்டோபைலட்டின் மின்சுற்றுப் பலகை ஒன்றையும் வேறு சில சாமான்களையும் ரொறன்ரோவிலிருந்து என் அக்கா அனுப்ப இருக்கிறார். பொதியின் மேல் 'பயணத்தில் உள்ள படகு' என்று எழுதி ஒட்டினால் சுங்கவரி கிடையாது என்றும், படகின் பெயரைப் போட்டால் தபாலகத்தில் வைத்திருந்து தருவார்கள் என்றும் படித்தேன். ஊரில் இருப்பவர்கள் உறுதிப்படுத்துவீர்களா?

2024 ஜனவரி 9, இரவு

அக்கா அனுப்பிவிட்டாரா, இன்னும் இல்லையா? இல்லையென்றால் இப்போதே மறித்துவிடுங்கள். விவரம் நாளை எழுதுகிறேன். கடையில் ஓர் இயந்திரம் பிரித்தபடி கிடக்கிறது, மழை வேறு.

2024 ஜனவரி 10

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. இல்லாவிட்டால் சட்டம் பேச இவர் யார் என்று கேட்பீர்கள். உட்துறைமுக வீதிக்குப் பின்புறம் படகின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரம் திருத்தும் கடை நடத்துகிறேன். கப்பல் முகவரும் இல்லை, சுங்கத் தரகரும் இல்லை. குடாவில் நங்கூரமிடும் பாய்மரப் படகுக்காரர்கள் ஏதாவது திருத்த வருவார்கள். வேலை முடிந்து போகும்போது, உங்கள் முகவரிக்கு ஒரு சிறிய பெட்டி வரலாமா என்று கேட்பார்கள். முகத்தாட்சணியத்துக்காக ஒரு நாள் தலையாட்டினேன். பத்து வருடம் ஓடிவிட்டது. தபால்காரருக்கு இப்போது என் கடையின் பெயர் மறந்துவிட்டது. 'வெள்ளைக்காரர் பெட்டி வரும் கடை' என்றால்தான் தெரியும்.

இனி அந்த வாசகம். அதில் உண்மை பாதி இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியோடு வந்து, மறுபடி வெளியேறப் போகும் ஒரு கலத்தில் பூட்டுவதற்கு வரும் உதிரிப்பாகம் நாட்டுக்குள் தங்கப்போவதில்லை. ஆகவே அதற்கு இறக்குமதி வரி வேண்டாம் என்ற கொள்கையைப் பல நாடுகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கொழும்பிலும் காலியிலும் இங்கேயும் பெரிய கப்பல்களுக்கு உதிரிப்பாகம் அப்படித்தான் போகிறது. ஆனால் சுங்க அதிகாரி பெட்டியில் ஒட்டிய தாளை வாசித்துவிட்டு விட்டுவிடுவதில்லை. அவர் கேட்பது வேறு. கலம் எங்கே நிற்கிறது? அது உள்ளே வந்ததற்குப் பதிவு எங்கே? இந்தப் பெட்டி அதில் ஏறியது என்று யார் கையெழுத்து வைப்பார்? மூன்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கப்பல் முகவர். இலங்கைக்குள் வரும் யாட்டுக்கு முகவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

முகவர் சும்மா செய்து தரமாட்டார். பத்திரம் போடக் கூலி, அலைச்சலுக்குக் கூலி. 80 டொலர் சாமானுக்கு இந்த வழியில் போனால் வரியைவிடக் கூலி கூடும். வரியைக் கட்டிவிட்டு நித்திரை கொள்ளலாம். 3,000 டொலர் பாய் வருகிறதென்றால் கதை வேறு.

வரி எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும். சாமானின் வகையைப் பொறுத்துத் தீர்வை மாறும். அதற்கு மேல் பெறுமதி சேர் வரி இந்த மாதம் முதலாந் திகதியிலிருந்து 18 வீதம். சமூகப் பாதுகாப்பு அறவீடு 2.5 வீதம். பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு: கணக்குப் பொருளின் விலையில் மட்டும் தொடங்குவதில்லை, அனுப்பு கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகையில் தொடங்குகிறது. 200 டொலர் பலகையை 110 டொலர் கூலி கொடுத்து அவசரமாக அனுப்பினால், அந்த 110க்கும் சேர்த்து வரி. அவசரத்துக்கு இரண்டு தரம் காசு.

2024 ஜனவரி 10, மதியம்

மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தேன். படகு வந்து நின்ற பிறகுதான் பொதியை அனுப்ப வேண்டும் என்ற தொனி விழுந்திருக்கிறது. அப்படிச் செய்தால் நீங்கள் குடாவில் மூன்று கிழமை மீன் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். வரியில்லா வழி என்றால் மட்டும் படகு முந்த வேண்டும். வரி கட்டுவதென்றால் பொதி முந்தலாம், வாங்கி வைக்க ஆள் இருந்தால். மிக முந்தினாலும் வில்லங்கம்தான். களஞ்சியத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

2024 ஜனவரி 14

பொங்கலுக்குக் கடை பூட்டு. ஆகவே முகவரியைப் பற்றி ஆறுதலாக எழுதலாம்.

படகின் பெயரை மட்டும் போட்டுப் பொதி அனுப்பாதீர்கள். ஒருமுறை அப்படி வந்தது. படகுக்கு ஒரு பெண்ணின் பெயர். தபால்காரர் நான் இல்லாத நேரம் வீட்டுக்கு வந்து, இந்தப் பெயரில் உங்கள் வீட்டில் ஒரு வெளிநாட்டுப் பெண் இருக்கிறாராமே என்று என் மனைவியைக் கேட்டிருக்கிறார். பெட்டியை அன்றே வாங்கிவிட்டேன். வீட்டில் விளக்கம் கொடுக்க இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். கப்டன் என்ற பட்டமெல்லாம் வேண்டாம். கடவுச்சீட்டில் கப்டன் என்று யாருக்கும் பெயரில்லை. அடுத்த வரியில் படகின் பெயர். அதற்கடுத்த வரியில் மே/பா போட்டு, கரையில் இருக்கும் ஆளின் பெயர், வீதி, திருகோணமலை, 31000. கடைசியில் உள்ளூர்த் தொலைபேசி எண். இந்த எண்தான் உயிர்நாடி. கொண்டுவருபவர் வீதி முனையில் நின்று அழைப்பார். மலேசிய எண்ணைக் கொடுத்திருந்தால் அவர் அழைக்கவே மாட்டார், பெட்டி கொழும்புக்குத் திரும்பிவிடும்.

தபாலகத்தில் வைத்திருந்து தருவது உண்மைதான். 'போஸ்ட் ரெஸ்தாந்த்' என்று அதற்குப் பிரெஞ்சுப் பெயர். உலக அஞ்சல் ஒன்றியத்தின் மொழி பிரெஞ்சு என்பதால் எந்த நாட்டுத் தபாலதிபருக்கும் அது புரியும். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஜெனரல் டெலிவரி என்பார்கள். குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே கோடு இழுத்தால், உங்களை முதற்பெயரில் அடுக்கிவிட்டுக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பும் கூத்து நடக்காது. தமிழர்களுக்கு இதில் கூடுதல் தலையிடி: தகப்பன் பெயரா, உங்கள் பெயரா குடும்பப் பெயர் என்று நமக்கே தெரியாது. கேட்கும்போது இரண்டு எழுத்திலும் தேடச் சொல்லுங்கள்.

ஆனால் கடிதம், ஆவணம், வங்கி அட்டை இவற்றுக்குத்தான் அந்த வழியை நான் சொல்வேன். வைத்திருக்கும் நாட்களுக்கு எல்லை உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். படகுக்குக் காற்றுத்தான் நாட்காட்டி, தபாலகத்துக்கு அப்படியில்லை. தனியார் கூரியர்கள் தபாலக முகவரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று. வேலை நாட்கள் ஐந்து என்று கூரியர்க்காரர் சொன்னால் இங்கே மாதாமாதம் போயா (பௌர்ணமி விடுமுறை) உண்டு என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெப்ரவரி 23 போயா வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு சேர்ந்தால் மூன்று நாள் போய்விட்டது.

2024 ஜனவரி 27

லங்காவியிலிருந்து எழுதிய தம்பி அடுத்துக் கேட்ட கேள்வி: பாய் திருத்தக் கொடுத்து வாங்கலாமா, பொதியில் வருமா?

வரும். கூரியர் கூலியைக் கேட்டால் பாயை விட்டுவிட்டுத் துடுப்புப் போடலாம் என்று தோன்றும். அவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணும் தராசு காட்டும் கிலோவும், எது பெரிதோ அதற்குக் காசு. 120க்கு 40க்கு 30 என்று மடித்த பாய் தராசில் 14 கிலோ என்று வையுங்கள்; கணக்கில் 28.8 கிலோ. ஆகவே பாயை மடிக்கும்போது உருட்டி, மிதித்து, காற்றை வெளியே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். வகுக்கும் எண் 5,000. உங்கள் முழங்காலுக்கு உள்ள வேலை அதற்கு மேலே உள்ள எண்ணைக் குறைப்பது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பாய் என் வீட்டுக்கு வந்தது. கடை பூட்டியிருந்ததால் வீட்டு விறாந்தையில் இறக்கிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி வந்து என்ன பிள்ளை இது என்று கேட்க, மனைவி, "வெள்ளைக்காரரின் பாய் ஆச்சி" என்றிருக்கிறாள். "பாய்க்கா இவ்வளவு காசு கொடுத்து அனுப்புகிறார்கள்? சந்தையில் நல்ல பன்பாய் இருக்கிறதே, இரண்டு வாங்கிக் கொடுத்திருக்கலாமே" என்று ஆச்சிக்கு உண்மையான கவலை. படுக்கும் பாயும் படகின் பாயும் ஒரே சொல்லாக இருப்பதற்கு ஆச்சியைக் குறை சொல்ல முடியாது.

சுங்கத்துக்கும் அந்தக் குழப்பம் உண்டு, வேறு வடிவில். உலகச் சுங்க வகைப்பாட்டில் பாய்க்கு எண் 6306.30. அதே 6306இன் கீழேதான் தார்ப்பாய், கூடாரம், வெயில் மறைப்பு எல்லாம். அனுப்புபவர் வெறுமனே துணி என்று எழுதினால் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. விலைப்பட்டியலில் அந்த ஆறு இலக்கங்களையும் எழுதச் சொல்லுங்கள். பம்பு 8413, மின்கலம் 8507, நங்கூரம் 7316. நான் மனப்பாடம் செய்யவில்லை, எத்தனையோ பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

2024 பெப்ரவரி 3

அக்காவின் பட்டியலைத் தம்பி போட்டிருக்கிறார். பலகை, லித்தியம் மின்கலம் நான்கு, ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீச்சமிக்ஞைக் குழாய் இரண்டு, படகின் அடிக்குப் பூசும் அடிப்பூச்சு ஒரு தகரம், செருப்பு, மிளகாய்த்தூள் இரண்டு கிலோ.

தீச்சமிக்ஞை வெடிபொருள். அடிப்பூச்சு தீப்பற்றும் திரவம். இரண்டையும் தபாலில் போட்டால் அக்கா பதில் சொல்ல வேண்டிவரும், நீங்கள் இல்லை. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவதற்கு 2016 ஏப்ரலிலிருந்து தடை. கருவிக்குள் பூட்டியிருந்தால் நிபந்தனைகளோடு போகும், தனியாக என்றால் சரக்கு விமானமும் தனிப் பத்திரமும் வேண்டும். நான்கு மின்கலத்துக்கு அது கட்டாது. நீங்கள் நிற்பதே லங்காவியில். 1987இலிருந்து வரியில்லாத் தீவு. அங்கே வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஆயிரம் கடல் மைலுக்கு மேல் படகு எப்படியும் வரத்தானே போகிறது, அதைவிட நல்ல தபால்காரர் கிடையாது.

விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். ஓட்டோபைலட் பலகைக்கு 10 டொலர் என்று எழுதி வந்த ஒரு பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி கைத்தொலைபேசியில் விலையைத் தேடி எடுத்துக் காட்டினார். வெட்கமாகப் போய்விட்டது, பெட்டி என்னுடையது இல்லாவிட்டாலும். தொலைந்துபோயிருந்தால் காப்புறுதியும் அந்தப் பத்து டொலர்தான்.

மிளகாய்த்தூளை மட்டும் எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளை ரொறன்ரோவில் வாங்கித் திருகோணமலைக்கு அனுப்புவதா? அக்கா தானே வறுத்து இடித்ததாம். சரி, அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

2024 பெப்ரவரி 12

படகு வந்துவிட்டது. தம்பி நல்ல பிள்ளை. வெயிலில் கருகிப் போயிருக்கிறார். பலகை இன்னும் வரவில்லை.

2024 பெப்ரவரி 24

இந்த இழையின் தொடக்கத்தில் எழுதாமல் விட்ட, ஆனால் மனதில் வைத்திருந்த ஒரு கருத்தை மாற்றிக்கொள்கிறேன். விலை உயர்ந்த சாமான் என்றால் கூரியர், மலிவு என்றால் தபால் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். தம்பியின் பலகை கூரியரில் நான்கு நாளில் கொழும்பு வந்தது. பிறகு அங்கேயே ஆறு நாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். திருகோணமலைப் பக்கம் வண்டி கிழமைக்கு இரண்டு தரம்தான் வரும், அதுவும் பொதி சேர்ந்தால்தான் என்றார்கள். உலகத்தின் மறுகரையிலிருந்து நான்கு நாள், கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றருக்கு ஆறு நாள்.

கடைசியில் வெள்ளவத்தையில் இருக்கும் என் மச்சானைப் பிடித்தேன். தம்பி கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துக் கடவுச்சீட்டுப் படத்தோடு அனுப்பினார். மச்சான் போய் வரியைக் கட்டி எடுத்து, அன்றிரவே புறக்கோட்டையில் திருகோணமலை பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பஸ்ஸின் இலக்கத்தை அனுப்பினான். விடிய நான்கரைக்கு நடத்துநர் அழைத்தார்: "அண்ணை, கந்தளாய் தாண்டிவிட்டோம், வந்து நில்லுங்கள்." பஸ் நிலையத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு நானும் தம்பியும் நின்றோம். சாரதியின் இருக்கைக்குப் பின்னால், யாரோ ஒருவரின் கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு மேலே, ஓட்டோபைலட் பலகை.

ஆகவே திருத்திய கருத்து: வெளிநாட்டிலிருந்து கொழும்புவரை எப்படி வந்தாலும், கொழும்பில் எடுத்துத் தர ஒரு சொந்தக்காரர் இருந்தால் அவருடைய முகவரியைப் போடுங்கள். மிச்சத்தைப் பஸ் பார்த்துக்கொள்ளும். மச்சான் இல்லாதவர்கள் தபாலை நம்பலாம். மெதுவாக வந்தாலும் அது உப்புவெளிக்கும் வரும், மூதூருக்கும் வரும்.

அக்கா அனுப்பிய இரண்டாவது பொதி தபாலில் வருகிறது. அதன் இலக்கம் இணையத்தில் கிடைக்கவில்லை என்று தம்பி பதறினார். சர்வதேசத் தபால் இலக்கத்தில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டும் சரியா என்று பார்ப்பதற்கு. எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 11ஆல் வகுத்து மீதியை 11இலிருந்து கழியுங்கள். வருவதுதான் ஒன்பதாவது, 10 வந்தால் 0, 11 வந்தால் 5. கற்பனையாக 10243567 என்று வையுங்கள்: கூட்டினால் 161, மீதி 7, விடை 4. அக்கா அனுப்பியதிலோ கடைசியில் 3. நடுவில் 43ஐ 34 ஆக்கினால் 162, மீதி 8, விடை 3. பொருந்துகிறது. அக்கா தட்டச்சில் இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டிருந்தார். பற்றுச்சீட்டு விலைக் கணக்குப் பார்க்கும் தாளின் பின்பக்கத்திலேயே கண்டுபிடித்தேன். இதற்கு எனக்கு ஒரு பாராட்டும் கிடைக்கவில்லை.

2024 மார்ச் 13

போய்விட்டார்கள். காலி, பிறகு மாலைதீவு. செங்கடலில் கப்பல்களைத் தாக்குவதால் இந்த வருடம் அந்தப் பக்கம் வேண்டாம் என்று படகுக்காரர் முடிவெடுத்திருக்கிறார். சிவராத்திரி முடிந்து கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்கள் என்பதால் தம்பி இன்னும் ஒரு நாள் நிற்கக் கெஞ்சினார். காற்று நன்றாக இருக்கிறது என்று மற்றவர் கேட்கவில்லை.

இன்று காலை இரண்டாவது பொதி வந்தது.

இது எனக்குப் புதிதில்லை. அலுமாரியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. போன வருடம் ஒரு ஜெர்மன் தம்பதி கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரைக் கேட்டு எழுதிவிட்டுப் பத்தொன்பது நாள் காத்திருந்தார்கள். விசா முடிகிறது என்று பழையதைத் திருப்பிப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான்காம் நாள் பெட்டி வந்தது. வரிக்கு அவர்கள் தந்துவிட்டுப் போன காசில் 40 ரூபாய் மிச்சம். அதையும் பெட்டியின் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை, முதலில் சொல்லியிருக்க வேண்டும். வரி கட்டிய பெட்டி என்றால் படகு போன பிறகும் என் அலுமாரியில் நிம்மதியாக இருக்கலாம். 'பயணத்தில் உள்ள படகு' என்று வரியில்லாமல் எடுத்த பெட்டியாக இருந்தால், படகு போன மறுநிமிடம் அது என் வீட்டில் இருக்கும் கடத்தல் பொருள். ஜனவரியில் நான் அந்த வாசகத்தைக் கண்டு முகம் சுளித்ததற்கு இதுதான் உண்மையான காரணம். கூலிக் கணக்கெல்லாம் பிறகு சேர்த்தது.

2024 மார்ச் 14

திருத்துவதற்கு வெளியே அனுப்பி மீண்டும் எடுப்பது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அனுப்பும்போதே சுங்கத்தில் பதிந்து, தொடர் இலக்கம் எழுதிய பத்திரம் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் ஒரு ராடார் போய் வந்தது. பழைய சாமான், புதுச் சாமானுக்குரிய வரி.

2024 ஜூலை 20

கச்சான் காற்று மணலை அள்ளி அடிக்கிறது. குடாவில் ஒரு பாய்மரமும் இல்லை. கடையில் மீன்பிடிப் படகுகளின் வேலை மட்டும்.

நேற்று மூதூருக்கு ஒரு இயந்திரம் பார்க்கப் போய்க் கிண்ணியாப் பாலத்தால் திரும்பும்போது ஒன்று தோன்றியது. உதிரிப்பாகத்துக்காக இந்தப் பக்கம் காத்திருந்தவர்களில் மிக மோசமாக மாட்டிக்கொண்டவர் யார்? ரொபர்ட் நொக்ஸ். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வந்த 'ஆன்' என்ற கப்பல் 1659 நவம்பர் புயலில் பாய்மரத்தை இழந்தது. புது மரம் பூட்டுவதற்காகக் கொட்டியாற்றுக் குடாவுக்கு வந்து நின்றார்கள். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் அதே பெயருள்ள மகனையும் பிடித்துக் கண்டிப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். தகப்பன் 1661இல் அங்கேயே இறந்தார். மகன் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது 1679இல். பத்தொன்பது வருடம்.

ஜெர்மன் தம்பதிக்குப் பத்தொன்பது நாள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

வல்வெட்டித்துறை 'அன்னபூரணி'யை விட்டுவிட்டீர்களே என்று நண்பர் ஒருவர் தனிச் செய்தியில் கோபித்திருக்கிறார். விடவில்லை ஐயா. நம் ஊர் மாலுமிகள் செலுத்திப்போய் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்த கப்பல் அது. வேம்பும் கயிறும் கையில் வைத்துக்கொண்டு தாங்களே செய்து பூட்டத் தெரிந்தவர்கள். இன்றைய படகில் ஓட்டோபைலட் போனால் வேம்பில் பலகை செதுக்க முடியாது, அதுதான் பிரச்சினை.

2024 ஜூலை 21

வேம்பு என்று எழுதியது கையோட்டத்தில் வந்தது. அந்தக் கப்பலில் எந்த மரம் என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

2025 ஜனவரி 26

இந்த இழையை மறந்தே போனேன். புதுப் பருவத்துப் படகுகள் வந்து நிற்கின்றன. மறுபடி அதே கேள்வி வந்திருப்பதால் மிச்சக் கதையை முடித்துவிடுகிறேன்.

தம்பியின் இரண்டாவது பொதியை என்ன செய்வது என்று அக்காவிடமே கேட்டேன். திருப்பி அனுப்பினால் வந்த கூலியைவிடக் கூடுதல். "அண்ணை, செருப்பை யாருக்காவது கொடுங்கள், தூளை நீங்களே பாவியுங்கள்" என்றார். செருப்பு என் சகலனின் மகனுக்குச் சரியாக இருந்தது. தூளை மனைவி மோந்து பார்த்து, "பெருஞ்சீரகம் கூடிவிட்டது, வறுத்தது காணாது" என்றாள். பிறகு மீன்குழம்பு வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை; இங்கே எழுதுகிறேன், இரண்டு பேரும் இதை வாசிப்பதில்லை. தம்பி இப்போது ரொறன்ரோவில் பனி அள்ளுகிறாராம். பலகை மாலைதீவுவரை வேலை செய்ததாம், அதன் பிறகு கைச்சுக்கான்தான்.

ஜெர்மன் தம்பதியிடமிருந்து போன மாதம் மின்னஞ்சல் வந்தது. படகை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் இயந்திரத்தையே மாற்றிவிட்டாராம். பெட்டியை நான் வைத்துக்கொள்ளலாம், 40 ரூபாயையும்.

பெட்டியைப் பிரித்தேன். ஆறு இதழுள்ள ரப்பர் இம்பெல்லர் இரண்டு, கடதாசி வாசர் இரண்டு, ஒரு சிறிய குப்பியில் கிளிசரின். வெளிவிட்டம் 51 மில்லிமீற்றர், அகலம் 22, தண்டுத் துளை 12. வரி கட்டிய சாமான், பற்றுச்சீட்டு இருக்கிறது. என் கடைக்கு வரும் இயந்திரம் எதற்கும் இது பொருந்தாது. இந்தப் பருவத்தில் திருகோணமலைக்கு வரும் படகு எதற்காவது பொருந்துமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ரப்பர் இறுகுவதற்கு முன் வாருங்கள். தபாலில் அனுப்பமாட்டேன்.